தட்டில் வளரும் செல்லுக்கும் பொழுது தெரியும்

சுண்டெலியின் தோலிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு வட்டத் தட்டில் வளர்க்கிறார்கள். அது சாதாரண சுண்டெலி அல்ல. அதன் கடிகார மரபணு ஒன்றோடு மின்மினிப் பூச்சியின் ஒளி மரபணுவைக் கருவிலேயே இணைத்திருக்கிறார்கள்; அந்த மரபணு இயங்கும்போது செல் ஒளிரும். தட்டில் ஊட்டக் கரைசலை ஊற்றி, மின்மினி ஒளிக்கு எரிபொருளான லூசிஃபெரினைக் கலந்து, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை வைத்து, ஓரமெல்லாம் கிரீஸ் தடவிக் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். அப்புறம் 37 டிகிரி வெப்பமுள்ள ஒரு கும்மிருட்டுப் பெட்டிக்குள் தட்டு போய்விடும். செல்கள் உமிழும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஒளித்துகள்களை எண்ணும் கருவிக்குத்தான் தெரியும்.

கருவி வரையும் கோடு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே ஏறத்தாழ 24 மணி நேரம். தட்டுக்குள் சூரியன் இல்லை, மூளை இல்லை, வேளைக்குச் சாப்பாடும் இல்லை. ஆனாலும் ஒரு நாள் முடிந்து மறுநாள் தொடங்குவது அந்தச் செல்லுக்குத் தெரிகிறது.

உடற்கடிகாரம் என்றதும் பெரும்பாலோர் தூக்கத்தைத்தான் நினைக்கிறார்கள். மூளையில் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது நம்மைத் தூங்கவும் விழிக்கவும் வைக்கிறது என்று. தவறில்லை, ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி கடந்த 25 ஆண்டுகளில்தான் ஆய்வகங்களில் தெளிவானது. கடிகாரம் உடம்பின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் ஓடுகிறது. அதுமட்டுமல்ல, உணவை எரித்து ஆற்றல் எடுக்கும் வேலையோடு, அதாவது வளர்சிதை மாற்றத்தோடு, பிரித்தெடுக்க முடியாதபடி பின்னிக் கிடக்கிறது. இதை ஒப்புக்கொண்டால் ஒரு சங்கடமும் கூடவே வருகிறது. உயிரியல் சோதனை எதைப் படித்தாலும், 'இதை எத்தனை மணிக்குச் செய்தீர்கள்?' என்று கேட்டே ஆக வேண்டும்.

ஈயிலிருந்து தொடங்கியது

இருட்டில் வைத்தாலும் தொட்டாற்சுருங்கியின் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடுகின்றன என்பதை 1729-லேயே பிரான்ஸின் தெ மெராங் என்ற வானியலாளர் பதிவு செய்துவிட்டார். உள்ளே ஏதோ ஒன்று நேரம் பார்க்கிறது என்பது அப்போதே தெரியும். அது என்ன என்று கேட்கும் கருவிகள் வர இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆனது.

1971-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ரான் கொனாப்காவும் அவருடைய பேராசிரியர் சீமோர் பென்ஸரும் பழ ஈக்களை வைத்து ஒரு வேலை செய்தார்கள். பழ ஈ கூட்டுப்புழு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவருவது பெரும்பாலும் விடியலையொட்டி. வேதிப்பொருள் கொடுத்து ஈக்களின் மரபணுக்களில் பிழைகளை உண்டாக்கிவிட்டு, அவற்றின் வழித்தோன்றல்களில் எவை வேளை தவறி வெளிவருகின்றன என்று பார்த்தார்கள். மூன்று வகை கிடைத்தன. ஒன்றின் நாள் 19 மணி நேரம். இன்னொன்றுக்கு 28 மணி நேரம். மூன்றாவதற்கு நாள் என்பதே இல்லை. தோன்றியபடி வரும், தோன்றியபடி நடமாடும். ஆச்சரியம் என்னவென்றால் மூன்று பிழைகளும் ஒரே மரபணுவில் இருந்தன. நடத்தை என்பது எத்தனையோ மரபணுக்கள் சேர்ந்து செய்யும் சிக்கலான விஷயம், ஒற்றை மரபணுவில் அதைப் பிடிக்க முடியாது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மரபணுவுக்குப் 'பீரியட்' என்று பெயர் வைத்தார்கள்.

1984-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ் ஒரு பக்கமும் மைக்கேல் யங் இன்னொரு பக்கமுமாக அந்த மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தார்கள். மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கொனாப்கா காலமாகிவிட்டார்.

வேலை செய்யும் விதம் ரொம்பச் சிக்கலானதல்ல. மேல்தொட்டி நிரம்பியதும் மிதவை எழும்பி மோட்டாரை நிறுத்துகிறதே, அதுபோலத்தான். மரபணு இயங்கினால் புரதம் உருவாகிறது. புரதம் சேரச் சேர, செல்லின் உட்கருவுக்குள் திரும்பிப் போய்த் தன்னை உருவாக்கும் மரபணுவையே நிறுத்திவிடுகிறது. பிறகு அந்தப் புரதம் மெல்லச் சிதைகிறது. சிதைந்து தீர்ந்ததும் மரபணு மறுபடி இயங்குகிறது. பாலூட்டிகளில் 'க்ளாக்', 'பிமால்1' என்ற இரண்டு புரதங்கள் இயக்கிவிடும் வேலையையும், 'பெர்', 'க்ரை' என்ற புரதங்கள் நிறுத்தும் வேலையையும் பார்க்கின்றன.

உண்மையில் சூட்சுமம் இயக்குவதிலோ நிறுத்துவதிலோ இல்லை, தாமதத்தில்தான் இருக்கிறது. இப்படி ஒரு சுற்று, விட்டால் ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 24 மணி நேரமாக அது இழுபட வேண்டுமானால் 'பெர்' புரதம் சேர்வதையும் உட்கருவுக்குள் நுழைவதையும் சிதைவதையும் யாராவது தடுத்துத் தடுத்து நிறுத்த வேண்டும். சில நொதிகள் அந்தப் புரதத்தின் மேல் பாஸ்பேட் குறிகளை ஒட்டி இந்த வேலையைச் செய்கின்றன. குறி ஒட்டும் ஓர் இடம் மாறினால் போதும், முழு நாளும் மாறிவிடும். மாலை 7.30 மணிக்கே தூக்கம் சொக்கி, அதிகாலை 4.30 மணிக்கு விழித்துவிடும் பழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஒரு குடும்பத்தில், 'பெர்2' மரபணுவில் இருந்த ஒரே ஓர் எழுத்துப் பிழைதான் காரணம் என்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். சீக்கிரம் தூங்குகிறவர்களை ஒழுக்கமானவர்கள் என்று பாராட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

மூளையின் ஏகபோகம் உடைந்தது

பாலூட்டிகளில் கடிகாரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு 1972-இல் பதில் கிடைத்ததாகத் தோன்றியது. கண்களிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில், சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சின்னஞ்சிறு பகுதி. சுருக்கமாக எஸ்சிஎன் என்பார்கள். அதை அழித்தால் எலியின் உறக்கமும் ஓட்டமும் நாள் முழுக்கத் துண்டுதுண்டாகச் சிதறிவிடும். 1990-இல் செய்த சோதனை இன்னும் அழுத்தமானது. பிறவிப் பிழையால் 20 மணி நேர நாள் கொண்ட ஹாம்ஸ்டரின் எஸ்சிஎன் திசுவை, தன்னுடையதை இழந்த சாதாரண ஹாம்ஸ்டரின் மூளைக்குள் வைத்தார்கள். அது 20 மணி நேர நாளோடு வாழத் தொடங்கியது. கொடுத்த விலங்கின் நாள், வாங்கிய விலங்குக்குப் போய்விட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கடிகாரம் மூளையில், மற்ற உறுப்புகள் அதன் சொல்கேட்டு நடப்பவை என்று முடிவாகிவிட்டது.

அதை 1998-இல் உடைத்தது ஜெனீவாவில் வூலி ஷிப்லரின் ஆய்வகம். அவர்கள் எடுத்துக்கொண்டது எலியின் இணைப்புத் திசுச் செல்கள், பல்லாண்டுகளாகத் தட்டிலேயே பெருகிவந்த வம்சம். அந்தச் செல்கள் பகல் இரவைக் கண்டதே இல்லை. அவற்றின் மேல் குதிரையின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, பாதிக்குப் பாதி கலந்து இரண்டு மணி நேரம் வைத்திருந்து, பிறகு பழைய கரைசலுக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். கடிகார மரபணுக்கள் ஏறி இறங்கத் தொடங்கின, ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளியில்.

சீரம் புதிதாக ஒரு கடிகாரத்தை உண்டாக்கியதா, இருந்ததை எழுப்பியதா என்பது கொஞ்ச காலம் தெளிவில்லாமல் இருந்தது. ஒற்றைச் செல்லைத் தனியாகப் படம்பிடிக்க முடிந்தபோது, 2004 வாக்கில், விடை வந்தது. கடிகாரங்கள் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. ஒவ்வொரு செல்லும் தன் போக்கில், தன் நேரத்தில். ஒன்றுக்கு நடுப்பகலாக இருக்கும்போது பக்கத்துச் செல்லுக்கு நள்ளிரவு. லட்சக்கணக்கான செல்களை ஒன்றாக அரைத்து அளந்தபோது எல்லாம் சராசரியில் கரைந்து, அசைவே இல்லாததுபோலத் தெரிந்திருக்கிறது. சீரம் செய்தது எல்லாருடைய முள்ளையும் ஒரே நேரத்துக்குத் திருப்பியது மட்டும்தான்.

செல் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. சீரமே வேண்டும் என்றில்லை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போதும். சொல்லப்போனால் ஊட்டக் கரைசலை மாற்றி ஊற்றினாலே போதும். காலையில் வந்து பழைய கரைசலை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றுவது எந்த ஆய்வகத்திலும் நடக்கும் அன்றாட வேலை. அப்படிச் செய்யும்போதெல்லாம் செல்களின் நேரத்தைத் திருப்பிவைக்கிறோம் என்பதைப் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, பரவலாகப் புழங்கும் ஒரு கரைசலில் குளுக்கோஸ் நம் ரத்தத்தில் வெறும் வயிற்றில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு. சர்க்கரைப் பாகில் ஊறிய செல்லை வைத்து வளர்சிதை மாற்றத்தைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் தேவை.

சாப்பாடே முள்ளைத் திருப்பும்

சுண்டெலி இரவில் சாப்பிடும் பிராணி. அதற்குப் பகலில் மட்டும் தீனி கொடுத்தால் என்ன ஆகும்? ஷிப்லரின் குழு 2000-இல் இதைச் செய்து பார்த்தது. சில நாட்களில் கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. எஸ்சிஎன் மட்டும் அசையவில்லை; அது வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே உடம்பில் மூளைக்கு இரவு, கல்லீரலுக்குப் பகல்.

சாப்பிட்டதைக் கல்லீரல் எப்படித் தெரிந்துகொள்கிறது? ஒரே வழி அல்ல. இன்சுலின் உயர்ந்தால் 'பெர்' புரதத்தின் உற்பத்தி கூடுகிறது என்று 2019-இல் காட்டினார்கள். சாப்பாடு வந்த செய்தி கடிகாரத்தின் பல்சக்கரத்துக்கே நேராகப் போய்விடுகிறது என்று அர்த்தம். உடல் வெப்பம் ஒரு நாளில் ஒன்றிரண்டு டிகிரி ஏறி இறங்குவதே மற்ற உறுப்புகளின் கடிகாரங்களைத் திருத்தப் போதுமானது. எஸ்சிஎன் அந்த ஏற்ற இறக்கத்தையும் பொருட்படுத்துவதில்லை. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்களும் உண்டு.

பட்டினியும் பேசுகிறது. செல்லில் ஆற்றல் குறைந்தால் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்ளும். எரிபொருள் இருப்பைக் கண்காணிப்பதுதான் அதன் முழுநேர வேலை. அது 'க்ரை1' புரதத்தின்மேல் குறி ஒட்டி, சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது என்று சால்க் ஆய்வகத்தினர் 2009-இல் கண்டார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட அழகாகத் தோன்றுவது அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு கண்டுபிடிப்பு. என்ஏடி என்ற மூலக்கூறு எல்லாச் செல்லிலும் உண்டு. குளுக்கோஸை எரிக்கும்போது எலக்ட்ரான்களைச் சுமந்து போவது அதுதான். அதை மறுபடி மறுபடி தயாரித்துக் கொடுக்கும் நொதியின் மரபணுவைக் கடிகாரமே இயக்குகிறது. அதனால் என்ஏடியின் அளவும் நாளொன்றுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. சரி, அது கடிகாரத்தின் விளைவு. ஆனால் என்ஏடி இருந்தால்தான் வேலை செய்யும் சிர்ட்1 என்ற நொதி, 'க்ளாக்' - 'பிமால்1' ஜோடியைப் போய் அடக்குகிறது. இப்போது என்ஏடி கடிகாரத்தின் காரணமும் ஆகிவிட்டது. கடிகாரம் வளர்சிதை மாற்றத்தை ஓட்டுகிறது, வளர்சிதை மாற்றம் கடிகாரத்தை ஓட்டுகிறது. எது முதல் என்று கேட்பதில் பெரிய பயனில்லை.

கடிகாரத்தை எடுத்துவிட்டால்

2005-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் 'க்ளாக்' மரபணு பழுதான சுண்டெலிகளைக் கவனித்தார்கள். அவை பகலிலும் கொறித்துக்கொண்டே இருந்தன, குண்டாயின, ரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும் உயர்ந்தன. செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அது எதையும் முழுசாக நிரூபித்துவிடவில்லை. எலி குண்டானது உறுப்புகளின் கடிகாரம் கெட்டதாலா, அல்லது மூளை கெட்டு நேரங்கெட்ட நேரத்தில் தின்றதாலா?

பதில் தேடத் தனித்தனி உறுப்பில் மட்டும் கடிகாரத்தை நிறுத்தத் தொடங்கினார்கள். கல்லீரலில் மட்டும் 'பிமால்1'-ஐ நீக்கிய சுண்டெலிக்கு, சாப்பிடாத வேளையில் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்தது. கணையத்தில் மட்டும் நீக்கியபோது நேர்மாறு; இன்சுலின் போதுமான அளவு சுரக்காமல் சர்க்கரை நோயே வந்துவிட்டது. ஒரே மரபணு, இரண்டு உறுப்பு, எதிரெதிர் விளைவு. யோசித்தால் பொருந்துகிறது. சாப்பாடு இல்லாத நீண்ட நேரத்தில் குளுக்கோஸை வெளியே விடுவது கல்லீரலின் கடமை. அந்த நேரம் வருவதை அதன் கடிகாரம் முன்கூட்டியே சொல்லித் தயார்படுத்துகிறது. சாப்பாடு வரும் நேரத்துக்கு இன்சுலினோடு தயாராக நிற்பது கணையத்தின் கடமை. இரண்டும் எதிரெதிராக இழுப்பதால்தான் ரத்தச் சர்க்கரை ஓரளவு சமநிலையாக நிற்கிறது. முழு உடம்பிலும் மரபணுவை நீக்கியிருந்தால் இந்த நுட்பம் கண்ணில் பட்டிருக்காது.

எவ்வளவு பெரிய அளவில் இது நடக்கிறது? சுண்டெலியின் 12 உறுப்புகளை நாள் முழுக்க இடைவெளி விட்டு எடுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், புரதம் உண்டாக்கும் மரபணுக்களில் 43 சதவீதம் ஏதாவது ஓர் உறுப்பிலாவது நாள் தாளத்தில் ஏறி இறங்கின. உறுப்புக்கு உறுப்பு பட்டியல் வேறு. இரவில் உண்ணும் சுண்டெலியின் கல்லீரல் அந்த வேளையில் 40 சதவீதத்துக்கும் மேல் பருத்து, பகலில் சுருங்குகிறது என்று 2017-இல் ஷிப்லரின் குழு காட்டியபோது, கல்லீரலைப் பல்லாண்டுகளாக எடைபோட்டு வந்தவர்கள் எல்லாம் தங்கள் குறிப்பேட்டைத் திரும்பப் புரட்டியிருப்பார்கள்.

மரபணுச் சுற்று மட்டும்தான் கடிகாரமா என்பதிலும் சண்டை உண்டு. 2005-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் தகாவோ கோண்டோவின் குழு, நீலப்பசும் பாக்டீரியாவின் கை-ஏ, கை-பி, கை-சி என்ற மூன்று புரதங்களை, செல்லின் எரிபொருளான ஏடிபியோடு சோதனைக்குழாயில் கலந்து வைத்தது. செல்லும் இல்லை, மரபணுவும் இல்லை. கை-சி புரதத்தின் பாஸ்பேட் குறிகள் நாட்கணக்கில் ஏறத்தாழ 24 மணி நேரத் தாளத்தில் கூடிக் குறைந்தன. 2011-இல் அகிலேஷ் ரெட்டியும் ஜான் ஓ'நீலும் மனித ரத்தச் சிவப்பணுக்களில் இதையொத்த ஒன்றைக் கண்டார்கள். சிவப்பணுவில் உட்கரு கிடையாது, எனவே இயக்கி நிறுத்த மரபணுவே இல்லை. ஆனாலும் பெராக்ஸிரெடாக்ஸின் என்ற புரதம் ஆக்ஸிஜனேற்றம் அடைவதும் மீள்வதும் நாள் தாளத்தில் நடந்தது. 2020-இல் ரெட்டியின் குழு இன்னும் ஒரு படி மேலே போய், 'பிமால்1' நீக்கப்பட்ட சுண்டெலித் திசுக்களிலும் 24 மணி நேரத் தாளங்கள் தெரிகின்றன என்றது. அடுத்த ஆண்டே மற்ற குழுக்கள் அந்தத் தரவை மறுபடி கணக்கிட்டு, தாளம் என்று சொல்லுமளவுக்குச் சான்று இல்லை என்று மறுத்தன. சிவப்பணு முடிவுகளை நான் நம்புகிறேன். 2020-ஆம் ஆண்டு முடிவை, ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் சலித்தால் தற்செயலாகச் சில அலைபோலத் தெரியத்தான் செய்யும் என்பதால், இன்னும் வலுவான சான்று வரும்வரை ஓரமாக வைப்பதே சரி என்று படுகிறது.

இரவுப் பிராணியும் பகல் ஊழியரும்

இப்போது அந்தச் சங்கடத்துக்கு வருவோம். ஆய்வகச் சுண்டெலி இரவில் விழித்திருக்கும், பகலில் தூங்கும். அதை வைத்து ஆராய்கிறவர்கள் பகலில் வேலை பார்த்து மாலையில் வீட்டுக்குப் போகிறவர்கள். ஆக, சுண்டெலிகளில் செய்யப்படும் மிகப் பெரும்பாலான சோதனைகள் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட பிராணிகளில் நடப்பவை. மருந்து ஊசி போட்டது காலையா மாலையா என்பதைப் பல ஆய்வுக் கட்டுரைகள் குறிப்பிடுவதே இல்லை.

இதில் என்ன போயிற்று என்று கேட்கலாம். மூளை வாதத்துக்கான மருந்துகளைப் பாருங்கள். அடைப்பு ஏற்பட்டபின் நரம்புச் செல்கள் சாகாமல் காப்பாற்றும் சிகிச்சைகள் எத்தனையோ எலிகளில் பிரமாதமாகப் பலித்து, மனிதர்களில் படுதோல்வி அடைந்தன. ஏன் என்பது நீண்டகாலப் புதிர். 2020-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஒரு குழு, அப்படிக் கைவிடப்பட்ட மூன்று சிகிச்சைகளை எடுத்து, வாதத்தை எலிகளில் பகலிலும் இரவிலும் தனித்தனியாக உண்டாக்கிப் பார்த்தது. பகலில், அதாவது எலியின் ஓய்வு வேளையில், மூன்றும் மூளைச் சேதத்தைக் குறைத்தன. இரவில், எலி சுறுசுறுப்பாக இருக்கும் வேளையில், மூன்றுமே பலிக்கவில்லை. மனிதர்களுக்கு வாதம் பெரும்பாலும் வருவது விழித்திருக்கும் நேரத்தில். எலியின் தூக்கத்தில் பலித்ததை மனிதனின் விழிப்பில் சோதித்திருக்கிறார்கள். அத்தனை தோல்விகளுக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதைச் சரிபார்க்க வேண்டியது அவ்வளவு கடினமான வேலையும் அல்ல: ராத்திரி ஒரு தடவை, மங்கிய சிவப்பு விளக்கில், சோதனையைத் திரும்பச் செய்திருந்தால் போதும். அல்லது விலங்கறையின் விளக்கு நேரத்தை 12 மணி நேரம் தள்ளிவைத்திருக்கலாம்.

வேறு வேறுபாடுகளும் உண்டு. மிகப் பரவலாகப் பயன்படும் சி57 கறுப்புச் சுண்டெலி இனம், இருட்டு வந்ததை உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோனைச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சுரப்பதில்லை. மெலடோனின் பற்றிய சந்தேகங்களுக்கு அதனிடம் பதில் கேட்பது வீண். மனிதனுக்கு இதமான அறை வெப்பம் சுண்டெலிக்குக் குளிர். 30 டிகிரிக்கு அருகில்தான் அதற்கு வசதி. குளிரில் அது உண்பதில் பெரும்பகுதியை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே எரிக்கிறது. உடல் எடை, உணவு நேரம் பற்றிய முடிவுகளை எலியிலிருந்து மனிதனுக்குத் தூக்கிப்போடும்போது இதெல்லாம் குறுக்கே நிற்கும்.

உணவு நேரக் கட்டுப்பாடு இதற்கு நல்ல உதாரணம். 2012-இல் சால்க் ஆய்வகத்தில் சச்சிதானந்த பாண்டாவின் குழு, கொழுப்பு மிகுந்த தீனியைச் சுண்டெலிகளுக்கு இரவில் 8 மணி நேரம் மட்டும் கொடுத்தது. நாள் முழுக்கத் தின்ற சுண்டெலிகளும் மொத்தத்தில் அதே கலோரிதான் தின்றன. ஆனால் 8 மணி நேரச் சுண்டெலிகள் குண்டாகவில்லை. இந்த முடிவு ஆய்வகத்தை விட்டு வெளியேறி உணவுக்கட்டுப்பாட்டு மோகமாகவே மாறிவிட்டது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று: 2018-இல் அதே குழு, கடிகார மரபணுக்கள் நீக்கப்பட்ட சுண்டெலிகளிடமும் இதைச் செய்தது. அவையும் குண்டாகவில்லை. அப்படியானால் நேரக் கட்டுப்பாடு பலிப்பதற்கு உட்கடிகாரம் கட்டாயமில்லை. உண்பதும் பட்டினியும் மாறிமாறி வருவதே செல்லுக்கு ஒரு தாளத்தைக் கொடுத்துவிடுகிறது போலும்.

மனிதர்களிடம் முடிவு இவ்வளவு தெளிவாக இல்லை. உடல் பருமன் உள்ள 139 பேரை ஓர் ஆண்டு பின்தொடர்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், கலோரியைக் குறைத்தவர்களுக்கும், அதே அளவு குறைத்து அதையும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்டவர்களுக்கும் எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இன்னொரு பக்கம், 2018-இல் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்களைப் பகல் 3 மணிக்குள் இரவு உணவையும் முடித்துவிடச் செய்தபோது, எடை குறையாமலேயே இன்சுலின் நன்றாக வேலை செய்தது. எட்டுப் பேர் ரொம்பக் குறைவுதான். எடையை மட்டுமே அளவுகோலாக வைத்தால் பார்க்க வேண்டியதைத் தவறவிடுவோம் என்பது என் எண்ணம்.

நேரம் தவறினால் கெடுதல் என்பதற்குச் சான்று இன்னும் உறுதியானது. 2009-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பத்துப் பேரை நேரம் தெரியாத அறைகளில் வைத்து, 28 மணி நேர 'நாள்' வாழச் செய்தார்கள். உடம்பின் கடிகாரம் அவ்வளவு நீளத்துக்கு வளைந்துகொடுக்காது. அதனால் சில நாட்களில் அவர்கள் உள்நேரப்படி நள்ளிரவில் உண்டு, நடுப்பகலில் தூங்கினார்கள். அந்த நிலையில் ரத்தச் சர்க்கரை 6 சதவீதமும் இன்சுலின் 22 சதவீதமும் உயர்ந்தன. போதும் என்று பசியை அடக்கும் லெப்டின் 17 சதவீதம் குறைந்தது. இன்சுலின் கூடியும் சர்க்கரை குறையவில்லை என்பதுதான் இங்கே கவலைக்குரிய விஷயம். இரவுப் பணியில் இருப்பவர்கள் இதை ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கிறார்கள்.

கல்லீரலை மட்டும் திருப்பிய அந்த எலிச் சோதனை மனிதரிலும் நடக்குமா? 2017-இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பத்து ஆண்களுக்கு மூன்று வேளை உணவையும் 5 மணி நேரம் தள்ளிக் கொடுத்தார்கள். மூளையின் நேரத்தைக் காட்டும் மெலடோனின், கார்ட்டிசால் ஹார்மோன்களின் தாளம் இம்மியும் நகரவில்லை, மூளைக்கடிகாரம் அப்படியே. ரத்தச் சர்க்கரையின் தாளமோ 5 மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப் போயிருந்தது. ஊசியால் எடுத்த கொழுப்புத் திசுவில் 'பெர்2' மரபணு சுமார் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. ஒரே உடம்பில் மூன்று விதமான நகர்வு.

சிகிச்சையில் இதைப் பயன்படுத்த வேண்டுமானால், முதலில் ஒருவருடைய உள்நேரம் என்ன என்று தெரிய வேண்டும். பழைய முறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காரவைத்து மணிக்கொரு தரம் எச்சில் எடுத்து மெலடோனின் பார்ப்பார்கள். 2018-இல் பெர்லினிலிருந்தும் நார்த்வெஸ்டர்னிலிருந்தும், ஒன்றிரண்டு ரத்த மாதிரிகளில் உள்ள சில மரபணுக்களின் அளவை வைத்தே உள்நேரத்தைக் கணிக்கும் சோதனைகள் வந்தன. கணிப்பு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அவை மெலடோனினோடு ஒப்பிட்டுப் பழக்கப்பட்டவை, ஆகவே சொல்வது மூளையின் நேரத்தை. சர்க்கரை நோயாளியின் மருத்துவருக்கு வேண்டியது கல்லீரலின் நேரமும் கணையத்தின் நேரமும். அதற்கு இப்போதைக்கு அந்தந்த உறுப்பின் திசுவையே குத்தி எடுத்துப் பார்த்தாக வேண்டும், அதுவும் ஒரு தடவை எடுத்தால் போதாது.